கையை எக்ஸ்ரே எடுத்தது யார்?

24 ஆகஸ்ட் 2025, மாலை 6.10 – கேள்வி: செம்பனைப் பையன்

அண்ணே, கோயில் வாட்சாப் குழுவில் ஒரு படம் சுற்றுகிறது, நீங்களும் பார்த்திருப்பீர்கள். நீலமாக ஒரு கை, விரல் நுனியில் கங்கு மாதிரி ஒரு சிவப்பு மேகம். 'இறைவனின் கை, நாசா எக்ஸ்ரேயில் பதிவானது, பத்துப் பேருக்கு அனுப்பவும்' என்று கீழே. சாமி விஷயத்தை விடுங்கள், அதை ஐயர் பார்த்துக்கொள்வார். எனக்கு எக்ஸ்ரேதான் உதைக்கிறது. போன வருடம் குலை வெட்டும்போது மட்டை விழுந்து என் மணிக்கட்டு போனதே, அப்போது ஒரு பக்கம் மெஷின், ஒரு பக்கம் தகடு, நடுவில் என் கை. வானத்தில் இருக்கிற கைக்கு அந்தப் பக்கம் மெஷினைக் கொண்டுபோய் வைத்தது யார்? கம்ப்யூட்டரில் வரைந்ததுதானே?

24 ஆகஸ்ட், இரவு 9.40

வரைந்ததுதான், தம்பி. முப்பத்தோரு வருடம் ஆஸ்பத்திரியில் ஜூரு எக்ஸ்ரேயாக, அதாவது எக்ஸ்ரே எடுப்பவனாக, இருந்தவன் சொல்கிறேன். எக்ஸ்ரேயில் நிறம் கிடையாது. கறுப்பு, வெள்ளை, நடுவில் சாம்பல், அவ்வளவுதான். கை என்றால் எலும்பு தெரிய வேண்டும், இதில் ஒரு எலும்பும் இல்லை. இடது கையா வலது கையா என்று மார்க்கரும் இல்லை. இப்படி ஒரு ஃபில்மை நான் வெளியே அனுப்பியிருந்தால் டாக்டர் கூப்பிட்டு அனுப்பியிருப்பார். பத்துப் பேருக்கு அனுப்பாதே.

25 ஆகஸ்ட், காலை 5.50

நேற்று எழுதியதை அழிக்கவில்லை, இருக்கட்டும். ஆனால் முக்கால்வாசி தப்பு. அம்மாவோடு பெரட்டுக்கு (தோட்டத்தில் விடியலில் ஆள் கணக்கெடுப்பதற்கு) எழுந்த பழக்கம் இந்த வயதிலும் போகவில்லை, நாலரைக்கே விழிப்பு வந்துவிட்டது, உட்கார்ந்து படித்தேன்.

படம் நிஜம். அந்தப் பொருளுக்கு எம்.எஸ்.எச். 15-52 என்று பெயர். சந்திரா என்கிற எக்ஸ்ரே தொலைநோக்கி எடுத்ததை 2009-இல் வெளியிட்டார்கள், அப்போதே 'கை' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சுமார் 16,000 ஒளியாண்டு தூரம், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு 150 ஒளியாண்டு. வடிவம் தற்செயல். மேகத்தில் யானை தெரிகிற மாதிரிதான்.

நான் தடுக்கி விழுந்த இடம் எது என்றால், என் வேலையில் நான் எடுத்ததெல்லாம் நிழல். மெஷினிலிருந்து கிளம்பும் எக்ஸ்ரே உன் கைக்குள் நுழைகிறது, சதையைத் தாண்டிப் போய்விடுகிறது, எலும்பில் மாட்டிக்கொள்கிறது, தாண்டி வந்தது தகட்டைக் கறுப்பாக்குகிறது, எலும்பு இருந்த இடம் வெள்ளையாக நிற்கிறது. வானத்துக் கை நிழல் இல்லை. அதுவே எக்ஸ்ரேயை உமிழ்கிறது. அடுப்புக் கங்கைப் போட்டோ எடுக்க யாராவது பின்னால் விளக்கு வைப்பார்களா? அதே கதைதான். இத்தனை வருடம் 'எக்ஸ்ரே படம்' என்ற சொல்லுக்குள் 'நிழல்' என்ற அர்த்தத்தையும் சேர்த்து வைத்திருந்தேன், அதை நேற்று வரை யாரும் தட்டிக் கேட்கவில்லை.

மெஷின் எங்கே என்று கேட்டாயே. இருக்கிறது, கைக்குப் பின்னால் இல்லை, உள்ளங்கையின் அடியில், மணிக்கட்டுப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பல்சர். இளசு.

25 ஆகஸ்ட், காலை 6.15

பல்சர் என்றால் நம் கெடாவில், குரூணில் மொடெனாஸ் கம்பெனிக்காரன் பூட்டி விற்கிற மோட்டார் சைக்கிள் இல்லை. நாலு பேர் எழுதுவதற்கு முன் நானே எழுதிவிட்டேன்.

25 ஆகஸ்ட், இரவு 10.20

சரி, மெஷினைப் பற்றி, அதாவது பல்சர் என்றால் என்ன என்று. பெரிய நட்சத்திரம் ஒன்று எரிபொருள் தீர்ந்து வெடிக்கிறது, வெளிப்பக்கம் சிதறுகிறது, நடு மட்டும் நொறுங்கி உருண்டையாகிறது. சூரியனைவிட அதிக எடை, ஆனால் அகலம் சுமார் இருபது கிலோமீட்டர். குரூண் சாலைச் சந்தியில் ஒரு ஓரத்தை வைத்தால் மறு ஓரம் சுங்கை பட்டாணியில் முடியும், நடுவில் நம் பீடோங் நசுங்கும். இந்த உருண்டை விநாடிக்கு ஏழு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றுகிறது. நிமிடக் கணக்கில் நானூறு சுற்று.

என் மகன் கேட்டுவிட்டுச் சிரித்தான், அவன் மோட்டார் ஐடிலில் நிற்கும்போதே ஆயிரத்துக்கு மேல் ஓடுமாம். ஓடட்டும். குரூணிலிருந்து சுங்கை பட்டாணி வரை அகலமுள்ள சக்கரம் அந்த வேகத்தில் சுற்றினால் அதன் விளிம்பு விநாடிக்கு நானூறு கிலோமீட்டர் ஓடுகிறது. அலோர் ஸ்டாரிலிருந்து கோலாலம்பூர் தாண்டுவதற்கு 'ம்' என்று சொல்லும் நேரம் போதும்.

இந்த உருண்டையின் காந்தம் பூமியின் காந்தத்தைப்போல் பல லட்சம் கோடி மடங்கு. இவ்வளவு பெரிய காந்தம் சுற்றினால் ஜெனரேட்டர்தான், அது எலக்ட்ரானையும் அதன் எதிர்த்துகளான பாசிட்ரானையும் ஒளியின் வேகத்தை ஒட்டி வெளியே விரட்டுகிறது. இதைத்தான் பல்சர் காற்று என்கிறார்கள். காற்று வெளியே போய்ச் சுற்றியிருக்கும் பொருளில் மோதித் தடைபடுகிறது, அங்கே துகள்கள் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுருண்டு சுருண்டு ஓடும்போது எக்ஸ்ரே பறக்கிறது. நீ பார்க்கும் நீலம் எல்லாம் அதுதான்.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம். ஆஸ்பத்திரி டியூபிலும் எலக்ட்ரான்தான். நாங்கள் அதை ஓடவிட்டு டங்ஸ்டனில் மோதி பிரேக் பிடிக்க வைப்போம், பிரேக் பிடிக்கும்போது எக்ஸ்ரே வரும். அங்கே பிரேக் இல்லை, வளைவு. வளைத்துத் திருப்பினாலும் எலக்ட்ரான் எக்ஸ்ரேயைக் கக்கும். சின்க்ரோட்ரான் கதிர்வீச்சு என்று பெயர். நம் தொழில் அவ்வளவு அந்நியமாகிவிடவில்லை.

27 ஆகஸ்ட், மதியம் 1.05

நாடி பிடித்துப் பார்ப்பதும் மணிக்கட்டில்தானே அண்ணே, அங்கேதான் பல்சர் என்கிறீர்களே என்று தம்பி கேட்டிருக்கிறான். நன்றாக இருக்கிறது. ஆனால் அது நாடி மாதிரி வீங்கிச் சுருங்கித் துடிக்கவில்லை. சுற்றுகிறது. கலங்கரை விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், நம் பக்கம் திரும்பும்போது மட்டும் நமக்குப் 'பளிச்'. துடிவிண்மீன் என்று தமிழில் பெயர் வைத்தவர்களும் நம்மை இதில்தான் மாட்டிவிட்டார்கள், அழகான பெயர் என்பதால் மன்னிக்கலாம்.

27 ஆகஸ்ட், இரவு 9.00

தமிழ்ப்பள்ளித் திடலில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். எட்டேகாலுக்குத் தெற்கிலிருந்து கொஞ்சம் மேற்கே இரண்டு பிரகாசமான நட்சத்திரம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், செண்டாரஸ் மண்டலத்தின் ஆல்ஃபாவும் பீட்டாவும். ஆல்ஃபாவுக்கு இடப்பக்கம், சற்று மேலே, கையை முழுக்க நீட்டினால் மூன்று விரல் அகலத்தில், கவராயம் என்ற சின்ன மண்டலத்துக்குள் இருக்கிறது நம் கை. கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. தெற்கு என்பதால் சுங்கை பட்டாணியின் வெளிச்சம் வேறு அந்தப் பக்கத்தை வெள்ளையடித்து வைத்திருக்கிறது. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 150 ஒளியாண்டை 16,000 ஒளியாண்டு தூரத்தில் வைத்தால் வானத்தில் முழு நிலா அகலம் வரும். நமக்கு எக்ஸ்ரே கண் இருந்திருந்தால் லயத்து வாசலில் உட்கார்ந்து பார்த்திருக்கலாம், நிலா அளவுக்கு ஒரு கை.

கண் இருந்தும் பயனில்லை, காற்று விடாது. நம் தலைக்கு மேலே இருக்கும் காற்று மொத்தமும் பத்து மீட்டர் தண்ணீரின் எடை. பத்து மீட்டர் ஆழத்துக்கு அடியில் ஃபில்ம் கேசட்டை வைத்து எக்ஸ்ரே எடுத்துப்பார், வெறும் வெள்ளை ஃபில்ம்தான் வரும். அதனால்தான் கருவியை மேலே அனுப்பியிருக்கிறார்கள். சந்திரா 1999 ஜூலையில் போனது, நீள்வட்டத்தில் சுற்றி நிலாவுக்குப் போகும் வழியில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்த் திரும்புகிறது.

28 ஆகஸ்ட், காலை 7.30

சந்திரா என்றால் நிலாவா என்று கேட்பவர்களுக்கு: சுப்பிரமணியன் சந்திரசேகர். தமிழ்க் குடும்பம், 1910-இல் லாகூரில் பிறந்தவர். 1930-இல் பத்தொன்பது வயதில் கப்பலில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போகும்போது, வழியிலேயே, செத்துப்போன நட்சத்திரம் எவ்வளவு எடை வரை தன்னைத் தாங்கும் என்று கணக்குப் போட்டவர். சூரியனைப்போல் 1.4 மடங்கு என்று இன்று சொல்வது அந்த எல்லைதான். அதைத் தாண்டினால் நடு நொறுங்கும், நொறுங்கினால் நம் பல்சர் மாதிரி ஒன்று பிறக்கும். 1983-இல் நோபல். நம் தாத்தாக்களும் கப்பலில்தான் வந்தார்கள், கீழ்த்தட்டில் கணக்குப் போட இடம் இருந்திருக்காது.

அப்புறம், அந்தத் தொலைநோக்கியை இயக்கும் மையம் அமெரிக்காவில் ஹார்வர்ட்-ஸ்மித்சோனியன் வானியல் மையத்தில் இருக்கிறது. ஹார்வர்ட் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பீடோங்கில் ஹார்வர்ட் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள் எல்லாரும் கை தூக்குங்கள். நானும் ஹார்வர்ட்தான், முதல் பிரிவு.

30 ஆகஸ்ட், இரவு 11.15

'கம்ப்யூட்டரில் வரைந்தது' என்று நான் முதல் நாள் சொன்னது இன்னும் குடைகிறது. அது முழுப் பொய்யும் இல்லை என்பதுதான் சிக்கல், அதனால் இதை நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் எடுத்தபோது ஃபில்ம், அப்புறம் டிஜிட்டல். எப்படியானாலும் ஒரு நொடியில் சின்னத் துண்டு நேரத்துக்கு எக்ஸ்போஷர், கோடிக்கணக்கான எக்ஸ்ரே துகள் ஒரே அடியில் வந்து விழும், படம் ரெடி. வானத்திலிருந்து வருவது அப்படி இல்லை. ஒவ்வொன்றாகச் சொட்டும். ரப்பர் மரத்துப் பால் மங்குக்குள் (மரத்தில் கட்டிய கோப்பைக்குள்) சொட்டுவதைவிட மெதுவாக. சந்திராவின் கேமரா அந்த ஒவ்வொரு சொட்டையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்கிறது: எத்தனை மணிக்கு விழுந்தது, தகட்டில் எந்த இடத்தில், எவ்வளவு ஆற்றலோடு. அதாவது அங்கிருந்து பூமிக்கு வருவது படமே இல்லை, செக்ரோல். தோட்டத்துக் கணக்குப்பிள்ளை கிராணி ஐயா விளக்கு வெளிச்சத்தில் எழுதுவாரே, யார், எந்த நிரை, எத்தனை பவுண்டு பால், அதே மாதிரி வரிவரியாக ஒரு பட்டியல். அந்தச் செக்ரோலை இடவாரியாகப் பிரித்துப் புள்ளி வைத்தால் கை தெரியும். ஆற்றல்வாரியாகப் பிரித்துக் குறைந்ததற்குச் சிவப்பு, நடுத்தரத்துக்குப் பச்சை, அதிகமானதற்கு நீலம் என்று கொடுத்தால் நிறம் வரும். நிறத்தை மனிதர் கொடுத்தார்கள், வித்தியாசம் அங்கேயே இருந்தது. 'வரைந்தது' என்ற என் சொல்லை 'கணக்கெழுதியது' என்று திருத்திக்கொள்ளுங்கள்.

அதே செக்ரோலை நேரவாரியாகப் பிரித்தால்தான் பல்சர் அகப்படும். 1982-இல் சீவர்ட், ஹார்ண்டன் என்ற இருவர், ஐன்ஸ்டைன் என்ற பெயருடைய பழைய எக்ஸ்ரே செயற்கைக்கோளின் பட்டியலை வைத்துக்கொண்டு இதைத்தான் செய்தார்கள். நீளமான துணியை மடிப்பதுபோல் நேரத்தை மடிக்க வேண்டும். மடிப்பின் அளவு தப்பாக இருந்தால் புள்ளிகள் எங்கும் சமமாக இறைந்து கிடக்கும். சரியாக 0.15 விநாடிக்கு ஒரு மடிப்பு போட்டால் எல்லா மடிப்பிலும் ஒரே இடத்தில் புடைப்பு எழும். எழுந்தது. அதே வருடம் ரேடியோவிலும் உறுதியானது. பி1509-58 என்று பெயர் வைத்தார்கள், ஜாதகக் குறிப்பு மாதிரி, வானத்தில் அது இருக்கிற இடத்தின் எண்.

31 ஆகஸ்ட், காலை 8.10

மெர்டேக்கா (சுதந்திர தின) வாழ்த்து. நேற்றைய குறிப்பில் ஒன்றை விட்டுவிட்டேன், விட்டால் யாராவது பிடிப்பார்கள். சந்திராவின் கேமராவே அந்தத் துடிப்பைப் பார்த்துவிடும் என்று படிக்கிறவர் நினைத்துக்கொள்ளலாம். வழக்கமான முறையில் அது 3.2 விநாடிக்கு ஒரு தடவைதான் கணக்கை வாசிக்கும். அதற்குள் பல்சர் இருபது சுற்றுக்கு மேல் சுற்றிவிடும். துடிப்பு வேண்டுமென்றால் வேறு கருவி, அல்லது வேறு முறை.

இதனால் இன்னொரு கூத்தும் உண்டு. ஒரே இடத்தில், ஒரே 3.2 விநாடிக்குள் இரண்டு துகள் விழுந்தால் கேமரா ஒன்றாகவே எழுதும், ஆற்றலை மட்டும் கூட்டிப் போடும். இரண்டு பேர் சேர்ந்து வந்து பாலை நிறுக்க, கிராணி ஒருவர் பெயரில் இரண்டு பேர் பாலையும் ஏற்றிவிட்ட மாதிரி. நண்டு நெபுலா என்று வெடித்த நட்சத்திரத்தின் மிச்சம் இன்னொன்று, அதன் நடுப் பல்சர் ரொம்பவே பிரகாசம், அங்கே இந்தக் குழப்பம் முற்றிப்போய் சந்திராவின் படத்தில் பல்சர் இருக்கிற புள்ளியே ஓட்டையாகத் தெரியும். அதிகமாக இருப்பதால் இல்லாததுபோல் தெரிவது. ஓவர் எக்ஸ்போஸ் ஆன ஃபில்மைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

2 செப்டம்பர், இரவு 10.00

எக்ஸ்ரே கண்ணாடியை ஊடுருவிவிடுமே, அப்புறம் தொலைநோக்கிக்குள் எப்படிக் கண்ணாடி என்று கேட்ட அக்காவுக்கு. ஆமாம், எக்ஸ்ரே கண்ணாடிக்குள் புகுந்துவிடும், திரும்பாது, அதனால்தான் எங்கள் அறையில் லென்ஸ் என்று ஒன்றுமே கிடையாது. ஆனால் மிகவும் சாய்வாக, உரசுகிற மாதிரி வந்து பட்டால் தெறிக்கும். குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தட்டையாக வீசினால் தத்திக்கொண்டு போகும், நேராகப் போட்டால் முழுகும், அவ்வளவுதான் சூட்சுமம். சந்திராவின் கண்ணாடிகள் தட்டு மாதிரி இருக்காது, அடிப்பலகை இல்லாத பீப்பாய் மாதிரி, ஒன்றுக்குள் ஒன்றாக நாலு ஜோடி, மேலே இரிடியம் என்ற உலோகப் பூச்சு.

8 செப்டம்பர், காலை 10.30

ராத்திரி கிரகணம் பார்த்தீர்களா? ஒன்றரைக்கு முழுசாக மூடிச் செம்பு நிறத்தில் தொங்கியது. கோயில் நடை சாத்தியிருந்தது, நான் வெளியில் தேத்தண்ணீரோடு உட்கார்ந்திருந்தேன்.

நிலா என்றதும் ஒன்று. 1964 ஜூலையில், சூரியனுக்கு அப்பால் பார்க்கும் எக்ஸ்ரே தொலைநோக்கி என்றே ஒன்று இல்லாத காலத்தில், நண்டு நெபுலாவை நிலா மெதுவாக மறைக்கப் போகிறது என்று தெரிந்து, சரியாக அந்தச் சில நிமிடத்துக்கு ராக்கெட்டில் ஒரு எக்ஸ்ரே எண்ணியை ஏற்றி அனுப்பினார்கள் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தார். எக்ஸ்ரே ஒரே புள்ளியிலிருந்து வந்தால் நிலா மறைத்தவுடன் பட்டென்று நிற்க வேண்டும். நிற்கவில்லை, படிப்படியாகக் குறைந்தது. அப்போது அது புள்ளி இல்லை, பரந்த பொருள். நாங்கள் தேவையில்லாத இடத்தை மறைக்க ஈயத்தகடு வைப்போம், அவர்கள் நிலாவையே ஈயத்தகடாக்கிவிட்டார்கள். எக்ஸ்ரே தொழில்நுட்பத்தில் இதைவிட அழகான வேலை நான் கேள்விப்பட்டதில்லை. நடுவில் பல்சர் இருப்பது பிறகுதான் தெரிந்தது, 1968-இல் ரேடியோவில், அடுத்த வருடம் எக்ஸ்ரேயில். விநாடிக்கு முப்பது சுற்று.

8 செப்டம்பர், மாலை 5.45

நண்டு என்று வாயைத் திறந்திருக்கக் கூடாது. வரலாற்று டீச்சர் வந்துவிட்டார். 1054-இல் சீனர்கள் பகலிலேயே பார்த்துக் குறித்து வைத்த 'விருந்தாளி நட்சத்திரம்' அதுதான், இருபத்து மூன்று நாள் பகலில் தெரிந்தது. உடனே குழுவில் ஒருவர், நம் ராஜேந்திர சோழன் கடாரத்திலிருந்து அதைப் பார்த்தான் என்று எழுதிவிட்டார். ஐயா, கடாரம் நம் கெடாதான், நம் ஊர்தான், புஜாங் பள்ளத்தாக்கு இங்கிருந்து மோட்டாரில் போகிற தூரம்தான், பெருமை எனக்கும் உண்டு. ஆனால் கடாரப் படையெடுப்பு 1025, ராஜேந்திரன் இறந்தது 1044. நட்சத்திரம் வந்தபோது பட்டத்தில் இருந்தது மகன் ராஜாதிராஜன், அவனும் அதே 1054-ஐ ஒட்டிக் கொப்பத்துப் போரில் யானை மேலேயே செத்தான். வால்நட்சத்திரம் என்றால் ராஜாவுக்கு ஆகாது என்பார்கள், இதற்கும் அப்படி ஒரு கதை கட்ட வசதியாகத்தான் இருக்கிறது. கட்டாதீர்கள்.

நம் கையின் வயது என்ன என்று டீச்சர் கேட்டதற்கு: சுமார் 1,700 வருடம், அதாவது இங்கிருந்து பார்க்கத் தெரிந்த கணக்கில். வெளிச்சம் வந்துசேரவே 16,000 வருடம், அதை இதில் சேர்ப்பதில்லை. சங்க காலம் முடிகிற சமயம் என்று வையுங்கள். நட்சத்திரக் கணக்கில் இது பச்சைக்குழந்தை.

9 செப்டம்பர், காலை 6.00

1,700 எப்படி வந்தது என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். பிறந்த சான்றிதழ் கிடையாது. சுற்றின் நேரத்தையும், அது எவ்வளவு மெதுவாகிறது என்பதையும் வைத்து வகுத்த வயது. வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு விநாடியில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு அதன் சுற்று நீள்கிறது. சீவர்டும் ஹார்ண்டனும் கண்டுபிடித்ததிலிருந்து இன்றுவரை இரண்டு மில்லி விநாடி. ஒன்றுமே இல்லைபோல் இருக்கிறதா? அந்த எடை அந்த அளவு மெதுவாவதற்குச் சூரியன் கொட்டுவதைப்போல் நான்காயிரம் மடங்குக்கு மேல் சக்தியை வெளியே விட வேண்டும். 150 ஒளியாண்டுக் கையும் அந்தச் சக்தியில்தான் ஒளிர்கிறது. எரிவது எதுவும் இல்லை, சுழற்சியைச் செலவழிக்கிறது. ஊதியம் நின்றபிறகு சேமிப்பில் சாப்பிடுகிற என்னைப்போல்.

16 செப்டம்பர், மதியம் 3.20

விடுமுறை, மழை. சந்திரா பார்ப்பது பெரும்பாலும் பத்துக் கிலோ எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் (எக்ஸ்ரேயின் ஆற்றலை அளக்கும் அலகு அது). எங்கள் பாஷையில் அது 'மென்மையான' எக்ஸ்ரே, டியூப் வாயில் வைத்த அலுமினியத் தகடே அதை வடிகட்டிவிடும், நோயாளியின் தோலைச் சுடுவதைத் தவிர வேறு பயன் இல்லாதது என்று. கைக்கு நான் டியூபில் ஏறக்குறைய ஐம்பது கேவி, அதாவது கிலோவோல்ட், வைப்பேன். சரி, வானத்துக் கையைக் கடினமான எக்ஸ்ரேயில் எடுத்தால்?

எடுத்திருக்கிறார்கள். நுஸ்டார் என்று ஒரு தொலைநோக்கி, 2012-இல் போனது. அதில் எடுத்த படத்தில் விரல்களைக் காணோம், கை மூடி முஷ்டி மாதிரி ஆகிவிட்டது. காரணம் எளிது. அதிக ஆற்றலுள்ள எலக்ட்ரான் சீக்கிரம் செலவழித்துத் தீர்த்துவிடும், பல்சரைவிட்டு அதிக தூரம் போவதற்குள் ஓய்ந்துவிடும். குறைந்த ஆற்றலுள்ளது மெதுவாகச் செலவழித்து விரல் வரை நடக்கும். நான் கேவியை ஏற்றினால் சதை மறைந்து எலும்பு நிற்கும். இங்கே ஏற்றினால் விரல் மறைந்து மணிக்கட்டு நிற்கிறது.

ஒரு திருத்தம். விரல் நுனிச் சிவப்பு மேகத்தையும் இவ்வளவு நேரம் கையோடு சேர்த்தே பேசிவிட்டேன். அது வேறு சரக்கு. ஆர்.சி.டபிள்யூ. 89 என்று பெயர், வெடித்த நட்சத்திரத்தின் சூடான வாயு, நியானும் மக்னீசியமும் கலந்த முடிச்சுகள். பல்சர் காற்று இல்லை.

17 செப்டம்பர், இரவு 9.30

அந்த விரல் நுனி நகர்கிறது. 2004, 2008, 2017-18 என்று சந்திரா எடுத்த படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்திருக்கிறார்கள், விநாடிக்கு ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் வேகம். ஃபில்மில் கை அசைந்தால் நாங்கள் ரிஜெக்ட் என்று எழுதித் தொட்டியில் போட்டுவிட்டு மறுபடி எடுப்போம். இங்கே பதினான்கு வருட அசைவுதான் கண்டுபிடிப்பே.

இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு பழைய விஷயம் நினைவுக்கு வந்தது, எழுதிவிடுகிறேன். வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு ஆஸ்பத்திரியில், ஒரு பால்வெட்டு அம்மாவின் கைக்கு மார்க்கரை மாற்றி வைத்துவிட்டேன், இடதுக்கு வலது. டாக்டர் கண்டுபிடித்துவிட்டார், கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்தக் கையைப் பார்த்தாலும் முதலில் மார்க்கரைத்தான் தேடுவேன், முதல் நாள் நான் அப்படிச் சீறியதும் அதனால்தான். வானப் படத்தில் மார்க்கர் கிடையாது, வடக்கு மேலே, கிழக்கு இடப்பக்கம் என்பது வழக்கம். நிலப்படத்துக்கு நேர்மாறு, ஏனென்றால் அண்ணாந்து பார்க்கிறோம். கோயில் குழுவில் வந்த படத்தை யாரோ அழகுக்காகக் கண்ணாடிபோல் திருப்பியும் இருக்கிறார்கள், அசலோடு வைத்துப் பார்த்தேன்.

5 அக்டோபர், இரவு 12.10

எலும்பு இருக்கிறது. முதல் நாள் 'ஒரு எலும்பும் இல்லை' என்றேன் அல்லவா, அதையும் திரும்பப் பெறுகிறேன்.

ஐ.எக்ஸ்.பி.இ. என்றொரு செயற்கைக்கோள், 2021 டிசம்பரில் அனுப்பியது. எக்ஸ்ரே எவ்வளவு வருகிறது என்பதோடு, அதன் மின் அலை எந்தத் திசையில் ஆடிக்கொண்டு வருகிறது என்றும் அளக்கும். காந்தக் கோட்டைச் சுற்றிச் சுருளும் எலக்ட்ரான் கொடுக்கும் எக்ஸ்ரே கோட்டுக்குக் குறுக்காக ஆடும். ஆக, ஆட்டத்தின் திசை தெரிந்தால் காந்தக் கோட்டின் திசை தெரியும். எலக்ட்ரான் ஒளிர்வது சதை என்றால் காந்தக் கோடுகள் அதைத் தாங்கி நிற்கும் எலும்பு.

கையை அது பதினேழு நாள் பார்த்திருக்கிறது. அதுவரை வேறு எதையும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. முடிவு 2023-இல் வந்தது: கோடுகள் உள்ளங்கையிலிருந்து விரல் விரலாக, விரலின் நீளவாக்கில் ஓடுகின்றன. பல இடத்தில் ஆட்டம் ஒரே திசையில் எந்த அளவுக்கு ஒழுங்காக இருக்க முடியுமோ, கோட்பாடு அனுமதிக்கும் உச்சம் வரை இருக்கிறது. கோடுகள் சிக்கலே இல்லாமல் சீவிவிட்ட தலைமுடி மாதிரி கிடந்தால்தான் அப்படி வரும். இவ்வளவு வன்முறையான இடத்தில் கோடு குழம்பிக் கிடக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பல்சரிலிருந்து ஒரு தாரை கிளம்புகிறதே, அதன் அடிப்பகுதியில் மட்டும் குழப்பம், போகப் போக நேராகிவிடுகிறது.

எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ராண்ட்ஜன் 1895 டிசம்பரில் மனைவியின் கையைத்தான் படம் எடுத்தார், மோதிரத்தோடு. எனக்குப் பயிற்சியின் முதல் நாள் அந்தப் படத்தைக் காட்டினார்கள்.

6 அக்டோபர், காலை 7.00

ராத்திரி எழுதியதில் ஒரு விளக்கம். ஐ.எக்ஸ்.பி.இ. படம் சந்திரா அளவுக்குக் கூர்மை இல்லை, மங்கல். எலும்பு என்றால் தனித்தனி விரல் கணு எண்ணலாம் என்று நினைத்துவிட வேண்டாம். சந்திராவின் கூர்மையான படத்தின் மேல் சின்னச் சின்னக் கோடுகளாகத் திசையைப் போட்டுக் காட்டுகிறார்கள். இந்த ஆகஸ்டில் ஆஸ்திரேலிய ரேடியோ தொலைநோக்கிகளின் படத்தையும் சேர்த்துப் புதிதாக ஒன்று வெளியிட்டிருக்கிறார்கள், நம் குழுவில் பழைய படம் மறுபடி உயிர் பெற்றது அதனால்தான் என்று நினைக்கிறேன். ரேடியோவில் அந்தத் தாரையையும் மூன்று விரல்களின் உட்பகுதியையும் காணோம். எக்ஸ்ரேயில் இருப்பது ரேடியோவில் இல்லை. அதிக ஆற்றல் துகள்கள் பல்சருக்குப் பக்கத்திலிருந்து கசிந்து காந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு விரல் வழியாக ஓடுகின்றன என்பது அவர்கள் சொல்லும் காரணம். எலும்புக்குள் நல்லி ஓடுகிற மாதிரி என்று எழுதப் போனேன், மகள் வேண்டாம் என்கிறாள்.

19 அக்டோபர், மாலை 6.40

நாளை தீபாவளி, முறுக்கு பிழியக் கூப்பிடுகிறார்கள், சுருக்கமாக முடிக்கிறேன். ஐயர் கடைசியில் என்னையே கேட்டுவிட்டார், அந்தப் படத்தைப் பெரிதாக்கி மண்டபத்தில் மாட்டலாமா என்று. மாட்டுங்கள், ஆனால் திருப்பிப்போட்டதை வேண்டாம் என்று அசலை அனுப்பியிருக்கிறேன். கீழே 'எம்.எஸ்.எச். 15-52' என்றும் போடச் சொன்னேன், அவர் 'திருக்கரம்' என்று போடுவதாக இருக்கிறார். இரண்டையும் போட்டுவிடலாம் என்று பேச்சு.

தம்பி, உன் மணிக்கட்டு மழைக்கு இன்னும் வலிக்கிறது என்று எழுதியிருந்தாயே. ஒரு வருடம் ஆகிவிட்டது, வலிக்கக் கூடாது. விடுமுறை முடிந்ததும் போய் மறுபடி ஒரு படம் எடு. பழைய ஃபில்மையும் கையோடு கொண்டுபோ, இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் பார்ப்பார்கள். எடுக்கும்போது ஆட்டாதே.